வீட்டு உப்பும் பள்ளிப் பிள்ளைகளும்

இரத்தக் கொதிப்பு என்பது நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் பட்டணத்தாருக்கு வரும் வியாதி என்றும், விடியற்காலையில் வயலுக்குப் போய்ப் பொழுது சாயும்வரை உடல் வருந்தி உழைக்கும் குடியானவனை அது அணுகாது என்றும் கிராமங்களில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருந்து வந்திருக்கிறது. அந்நம்பிக்கைக்கு இப்பொழுது ஆதாரம் இல்லை. 2020-ம் வருஷத்தில் தமிழ்நாடு முழுவதும் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், வயது வந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பது தெரியவந்தது. அதனினும் கவலைக்குரியது யாதெனில், அவ்வாறு அழுத்தம் மிகுந்தோருள் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே அதை உரிய வரம்புக்குள் அடக்கி வைத்திருந்தனர். ஏனையோரிற் சிலர் தமக்கு அவ்வியாதி இருப்பதையே அறியாதவர். சிலர் அறிந்தும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர். சிலர் உட்கொண்டும் அழுத்தம் இறங்காதவர்.

இவ்வியாதி ஓசையின்றி வளர்வது. காய்ச்சலைப்போல் உடம்பைச் சுடுவதில்லை. புண்ணைப்போல் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. பெரும்பாலோருக்கு அது முதன்முதலில் தன்னை வெளிப்படுத்துவது பாரிசவாயுவாகவோ மாரடைப்பாகவோதான். நடவுக்கு நாற்று ஆயத்தமாயிருக்கும் வேளையில் குடும்பத் தலைவர் ஒரு கை ஒரு கால் வழங்காமல் விழுந்துவிட்டால், அவ்வருஷத்துச் சாகுபடி போவது மட்டுமன்று. வைத்தியச் செலவுக்குக் கறவை மாடு விலையாகிறது, சில வீடுகளில் நிலமும் அடமானத்திற்குப் போகிறது. விவசாயப் பத்திரிகை ஒன்றில் இருதய நோயைப் பற்றி எழுதுவது பொருத்தமோ என்று ஐயுறுவோர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

இரத்த அழுத்தம் உயர்வதற்குக் காரணங்கள் பல. வயதும் பரம்பரையும் ஒருவர் கையில் இல்லை. உடற்பருமன், மதுபானம் ஆகியவற்றை விலக்கலாமெனினும் அதற்குத் தனிமனிதரின் மனவுறுதி வேண்டும். ஆனால் உப்பு அவ்வாறன்று. ஒரு வீட்டில் ஐந்து பேர் உண்ணும் உப்பு, அடுப்பின் முன் நிற்கும் ஒருவருடைய கையால் இடப்படுகிறது. அந்த ஒரு கை சற்றே சுருங்கினால் ஐந்து பேருக்கும் ஒருசேர நன்மை விளையும்.

உப்பில் உள்ள சோடியம் என்னும் சத்து உடம்புக்கு வேண்டியதே. எனினும் வேண்டிய அளவு மிகச் சிறிது. மிகுதியாக உட்சென்ற சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டும். அவ்வேலை முடியும்வரை அது தன்னோடு நீரையும் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. இரத்தக் குழாய்களில் ஓடும் திரவத்தின் அளவு கூடுகிறது. மதகைத் திறக்காமல் வாய்க்காலில் மேன்மேலும் நீரை விட்டால் கரை எவ்வாறு நெருக்குண்ணுமோ அவ்வாறே குழாய்களின் சுவர்களும் நெருக்குண்ணுகின்றன. வருஷக்கணக்கில் இந்நிலை நீடித்தால் குழாய்கள் இறுகித் தடிக்கின்றன. அவற்றை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளும் இருதயத்தின் தசையும் தடித்துச் சோர்வடைகிறது. இது காரணம் பற்றியே உலக சுகாதார ஸ்தாபனத்தார், வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டுமென்று விதித்திருக்கின்றனர். சென்னை நகரவாசிகளிடை நடந்து 2007-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் அவர்களுடைய சராசரி உப்பளவு 8.5 கிராம் எனக் காணப்பட்டது.

ஆக, குறைக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. அதை வீட்டார்க்கு எடுத்துச் சொல்வது யார் என்பதுதான் கேள்வி. டாக்டர் சொல்லுவது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே பாதி மறந்துபோகிறது. சுவரொட்டியை வாசிப்போர் குறைவு. மருமகள் உப்பைக் குறைத்தால் மாமனார் முகம் சுளிக்கிறார். இத்தகைய நிலையில், வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளின் வாயிலாகவே பெரியோரின் உப்பைக் குறைக்க இயலுமா என்று சீன தேசத்தில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். அதன் வரலாறு குடியானவர்கள் அறியத்தக்கது.

முன் நடந்த முயற்சிகள்

பள்ளிப் பிள்ளைகளை இருதய நோய்த் தடுப்பில் ஈடுபடுத்துவது முற்றிலும் புதிதன்று. பின்லாந்து தேசத்தில், பால்பண்ணைத் தொழிலையும் காட்டு மரத் தொழிலையும் நம்பி வாழும் வடக்கு கரேலியா என்னும் ஜில்லாவில் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பால் மடிந்துகொண்டிருந்தனர். 1972-ல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் அங்கு ஒரு பெரிய இயக்கம் தொடங்கிற்று. அதன் கிளையாக 1978-ல் பாடசாலைகளில், புகையிலையைப் பழகாதிருக்கும்படி பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே எடுத்துச் சொல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. சென்னையிலும் டில்லியிலும் 2004 முதல் 2006 வரை 32 பாடசாலைகளில் அதைப் போன்ற புகையிலை எதிர்ப்புப் பயிற்சியொன்று நடந்து நற்பலன் தந்தது. ஆனால் இவ்விரண்டிலும் பிள்ளைகள் திருத்திக்கொண்டது தங்கள் பழக்கத்தை. சீனத்துப் பரீட்சையோ ஓட்டத்தைத் திருப்பிவிட்டது. அதில் பாடம் பிள்ளைக்கு. பலன் எதிர்பார்க்கப்பட்டது பாட்டனிடமும் பாட்டியிடமும், தாய் தந்தையரிடமும்.

சாங்ஜி நகரத்துப் பரீட்சை

சீனாவின் வடபகுதியில் ஷான்ஸி என்னும் மாகாணம் உளது. மேட்டு நிலம்; குளிர் மிகுதி. கோதுமை மாவில் இழைத்த சேமியா போன்ற உணவும், காடியும் அம்மாகாணத்தாருக்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள சாங்ஜி நகரத்தைச் சேர்ந்த வட்டாரங்களில் நேர்த்தியான தினை விளைகிறது என்பது தமிழ்நாட்டு மானாவாரி விவசாயிகளுக்குச் சுவையான செய்தியாயிருக்கலாம். குளிர்காலத்தில் பசுங்காய் கிடைப்பது அரிதாயிருந்த பழைய நாட்களில் கோசு முதலியவற்றை உப்பிலிட்டு வைத்து உண்டு பழகியவர்கள் வடசீனத்தார். ஆகவே உப்பை மிகுதியாக உண்ணும் ஜனங்கள். மேல்நாடுகளில் உப்பிற் பெரும்பகுதி தொழிற்சாலையில் செய்த ரொட்டியிலும் டப்பி உணவிலும் ஒளிந்து வருகிறது. அங்கே சர்க்கார் தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்தினால் பாதி வேலை முடியும். சீனத்திலோ சமைக்கும்போது வீட்டார் சேர்க்கும் உப்பும் சோயா ரசமுமே பெரும்பகுதி. அடுப்படிக்குள் எந்தச் சட்டமும் நுழையாது. ஆனால் பிள்ளை நுழையும்.

2013-ம் வருஷத்தில் சாங்ஜி நகரத்து ஆரம்பப் பாடசாலைகள் 28-ல் இப்பரீட்சை நடந்தது. லண்டன் குவீன் மேரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபெங் ஹெ அம்மையாரும், பேராசிரியர் கிரஹாம் மக்கிரிகரும், சீன ஆராய்ச்சியாளர்களுடன் கூடி இதனை நடத்தினர். ஐந்தாம் வகுப்பில் படிக்கும், ஏறக்குறைய பத்து வயதுள்ள 279 பிள்ளைகளும், அவர்கள் வீடுகளிலிருந்து வீட்டுக்கு இருவர் வீதம் 553 பெரியவர்களும் இதிற் சேர்ந்தனர்.

விவசாய இலாகாவின் பண்ணைகளில் புதிய நெல் ரகத்தையோ எருவையோ சோதிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இப்பரீட்சையின் அமைப்பு எளிதில் விளங்கும். ஒரே வயலைப் பல துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுக்குப் புதிய எரு, எந்தத் துண்டுக்குப் பழைய முறை என்பதைத் திருவுளச்சீட்டால் தீர்மானிப்பார்கள். அவ்வாறு செய்யாவிடில் எரு போட்ட துண்டு இயல்பிலேயே வளமாயிருந்ததோ என்ற ஐயம் தீராது. சாங்ஜியிலும் 28 பள்ளிகளைச் சீட்டு முறையில் இரு கூறாக்கி, 14 பள்ளிகளில் உப்பைப் பற்றிய பாடத்தை நடத்தினார்கள்; மற்ற 14-ல் வழக்கமான சுகாதார பாடமே நடந்தது. மனிதர் நோய் பற்றிய பரீட்சைகளில் இன்று உலகெங்கும் கையாளப்படும் இந்த முறை விவசாயத்திலிருந்து வைத்தியத்திற்குப் போனது என்பது இங்கு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920-க்குப் பிந்தைய வருஷங்களில் ரொனால்டு பிஷர் என்பார் வயல் துண்டுகளுக்காக வகுத்ததே அது.

பாடம் ஒரு பள்ளிப் பருவம், அதாவது மூன்றரை மாதமளவு நடந்தது. புதிய உபாத்தியாயரையோ தனிக் கட்டிடத்தையோ தேடவில்லை. வழக்கமான சுகாதார வகுப்பு வேளையே போதுமானதாயிருந்தது. உப்பு மிகுந்தால் உடம்பில் நேர்வது என்ன, எந்தெந்த உணவில் அது மிகுதி, எவ்வாறு குறைப்பது என்பவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். பிறகு அவர்களிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது: வீட்டில் சமைப்பவர் யாரோ அவரிடம் சென்று, உப்பைக் குறைக்கும்படி இணங்கச் செய்ய வேண்டும்.

உப்பு குறைந்ததா என்பதை வாய்ச்சொல்லை நம்பிக் கணக்கிடவில்லை. உண்ணும் சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்களவு சிறுநீர் வழியாக வெளியேறுகிறதாகையால், ஒவ்வொருவரும் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் தொடர்ந்து இரு நாளும், முடிவில் இரு நாளும் இவ்வாறு செய்தார்கள். கேட்பதற்கு அருவருப்பாயினும், பொய் சொல்லாத தராசு இதுவே. இத்தனை வீடுகள் இச்சிரமத்திற்கு உடன்பட்டதே பிள்ளைகளின் வார்த்தைக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது எனலாம்.

பலன் என்னவெனில், தொடக்கத்தில் பாடம் பெற்ற பள்ளிகளைச் சேர்ந்த பெரியவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 12.6 கிராம் உப்பும், பிள்ளைகள் 7.3 கிராமும் உண்டு வந்தனர். பருவ முடிவில், மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட, பெரியவர்களின் உப்பு 2.9 கிராமும் பிள்ளைகளின் உப்பு 1.9 கிராமும் குறைந்திருந்தது. இரு சாராருக்கும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. பெரியவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரி 2.3 மில்லிமீட்டர் இறங்கிற்று. பிள்ளைகளிடம் கண்ட இறக்கம் 0.8 மில்லிமீட்டரே, அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியது. இம்முடிவுகள் 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தன.

2.3 மில்லிமீட்டர் என்பது ஒரு தனி மனிதருக்கு அற்பமாகத் தோன்றும். டாக்டர் கொடுக்கும் ஒரு மாத்திரை அதைவிட மிகுதியாக இறக்கும். ஆனால் மாத்திரை நோயாளிக்கு மட்டுமே. உப்பைக் குறைத்தது வீட்டிலுள்ள எல்லோருக்கும், இன்னும் நோய் வராதவர்களுக்கும் சேர்ந்தது. ஏக்கருக்கு ஒரு படி நெல் மிகுந்தால் ஒரு குடியானவன் பொருட்படுத்தமாட்டான். ஜில்லா முழுவதும் ஏக்கருக்கு ஒரு படி மிகுந்தால் களஞ்சியங்களில் அது தெரியும்.

பிள்ளையின் சொல்லுக்கு வலிமை எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் சீனத்தில் தம்பதிகளுக்கு ஒரே குழந்தை என்ற சட்டம் வழக்கில் இருந்தது. 2016-ம் வருஷத் தொடக்கத்தில்தான் அது நீங்கியது. இரு பாட்டன்மார், இரு பாட்டிமார், தாய், தந்தை ஆகிய அறுவர் பார்வையும் ஒரு பிள்ளைமேல் தங்கியிருந்த வீடுகள் அவை. அப்பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, தாத்தா நெடுநாள் இருக்க வேண்டும் என்று சொன்னால், கேளாதிருப்பது யார்க்கும் அரிது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதே பலன் கிட்டுமோ என்று கேட்பது நியாயமே. பரீட்சையின் காலமும் குறுகியது. மூன்றரை மாதம் கழித்துக் கை மீண்டும் நீளாது என்பதற்கு அது உறுதி தரவில்லை.

இவ்வையத்தை ஓரளவு தீர்க்க, 2018-ல் அந்நாட்டிலேயே ஷிஜியாஜுவாங், லுஜோ, யுயாங் என்னும் மூன்று நகரங்களில் 54 பாடசாலைகளில் மீண்டும் ஒரு பரீட்சை தொடங்கப்பட்டது. இம்முறை பாடம் கைபேசிச் செயலி வழியாக ஒரு வருஷம் நடந்தது. பெரியவர்களின் உப்பு குறைந்தது, ஆனால் 0.82 கிராம் அளவே. மேல் இரத்த அழுத்தத்தின் இறக்கம் 1.64 மில்லிமீட்டர். முதற் பரீட்சையைக் காட்டிலும் இது குறைந்த மகசூல்தான். காலம் நீண்டதும் ஊர்கள் வேறானதும் காரணமாயிருக்கலாம். வகுப்பில் உபாத்தியாயர் முகம் பார்த்துச் சொல்வதற்கும் கைபேசியிற் படம் பார்ப்பதற்கும் வேற்றுமை இல்லாமற் போகுமா என்றும் தோன்றுகிறது. எப்படியாயினும், இருமுறையும் பிள்ளை வழியே பெரியவரின் உப்பு குறைந்தது என்பது மாறவில்லை.

தமிழ்நாட்டு அடுப்படி

தமிழ்நாட்டு நிலைமை இவ்விஷயத்தில் மேல்நாட்டைவிடச் சீனத்திற்கே நெருங்கியது. உப்பிற் பெரும்பகுதி இங்கும் வீட்டுச் சமையலிலேயே சேர்கிறது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளையும் இடம் தமிழ்நாடு. தூத்துக்குடி அளங்கள் பேர்போனவை. 1930-ல் வேதாரண்யக் கரையில் உப்பு அள்ளிச் சிறை சென்றவர்களின் நாடு இது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைப்பது விருந்துக்கு இலட்சணம். இத்தகைய இடத்தில் உப்பைக் குறை என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அது எதிர்த்து நிற்பது ஒரு பழக்கத்தை மட்டுமன்று என்பதை உபாத்தியாயர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

பிள்ளை பெரியோரைத் திருத்துகிறான் என்ற பேச்சு இந்நாட்டில் எடுபடாது. மரியாதைக் குறைவாகவும் தோன்றும். கட்டளையிடுவதை விட்டுக் கெஞ்சிக் கேட்பதே வழி. “தாத்தா, இன்றைக்கு ஊறுகாய் வேண்டாம், தாத்தா, வெங்காயம் வைத்துத் தரட்டுமா?” என்று பேத்தி கேட்டால், கோபிக்கும் தாத்தா அரியர்.

இன்னொரு விஷயம் இதனினும் முக்கியமானது. குழம்பில் உப்பு குறைந்தால் திட்டு வாங்குவது சமைத்தவள். பிள்ளை தாயிடம் மட்டும் சொல்லி, தாய் உப்பைக் குறைத்து, தந்தையும் பாட்டனும் அறியாமல் இலையில் அமர்ந்தால், இரண்டாம் நாளே பழைய அளவு திரும்பிவிடும். வீண் மனஸ்தாபமும் மிஞ்சும். ஆகையால் முதலில் உண்பவர்களின் சம்மதத்தைப் பெறுவதே பிள்ளையின் வேலை. அவர்கள் சரி என்ற பிறகே அடுப்படிக்குப் போக வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் மற்றவை எல்லாம் வீண்.

அளப்பது எப்படி? கரண்டியை நம்புவதிற் பிழை நேரும். பொடியுப்பு ஒரு தேக்கரண்டி தலைதட்டி எடுத்தால் 5, 6 கிராம் இருக்கும். கல்லுப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதே கரண்டியிற் குறைவாகவே நிற்கும். எளிய வழி பொட்டலக் கணக்கு. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியைப் பிள்ளை எழுதி வைக்கட்டும். தீரும் நாளையும் குறிக்கட்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் வீதம் செலவானால் நாளொன்றுக்கு 25 கிராம். பொட்டலம் 40 நாள் வரும். 20 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் ஆகிறது என்று பொருள். நான்காம் வகுப்புக் கணக்கு இது. மாட்டுத் தண்ணீரிற் போட்டதும், ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் எடுத்ததும் இதிற் கலக்கலாகாது; அவற்றைத் தனிப் பொட்டலத்தில் வைத்துக்கொள்வது நலம். விருந்தினர் வந்த நாட்களையும், வெளியிற் சாப்பிட்ட நாட்களையும் ஓரத்திற் குறித்தால் கணக்கு இன்னும் சீராகும்.

20 நாளில் தீர்ந்ததை ஒரேயடியாக 40 நாளுக்கு நீட்ட முயல்வது தவறு. நாக்கு ஒப்பாது. அடுத்த பொட்டலத்தை 25 நாளுக்கு நீட்டினால் ஆளுக்கு 8 கிராம்; அதற்கடுத்ததை 30 நாளுக்கு நீட்டினால் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சில வாரங்களில் நாக்கு புதிய அளவுக்குப் பழகிவிடும். பழகிய பிறகு முன்னைய அளவு உப்பு கரிப்பாகவே தோன்றும். குறைந்த உப்பை மறைக்கப் புளி, எலுமிச்சை, நெல்லிக்காய், மிளகு, கொத்தமல்லி ஆகியவை உதவும்.

பொட்டலக் கணக்கிற்குள் வராத உப்பும் உண்டு. அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், ரொட்டி, பிஸ்கோத்து எல்லாம் இவ்வகை. அப்பளக் காரமும் சோடா உப்பும் கரிப்புச் சுவை காட்டாவிடினும் சோடியம் உடையனவே. இதை அறிந்தோர் சிலரே. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இருமுறை அலசினால் உப்பு ஓரளவு நீங்கும். வடகத்திற்கும் மோர் மிளகாய்க்கும் வீட்டிலேயே உப்பிடுவதால் அடுத்த கோடையில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். நன்றாய் வெயிலிற் காய்ந்தால் கெடுவதற்கில்லை. ஊறுகாய் அவ்வாறன்று. அதில் உப்பைக் குறைத்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே உண்ணும் அளவையே குறைக்க வேண்டும். இலை ஓரத்து உப்பை நிறுத்துவது எல்லாவற்றிலும் சுலபம்.

வயலில் வேர்வை சிந்துவோருக்கு உப்பு மிகுதியாக வேண்டுமென்று பலர் வாதிப்பார்கள். பிள்ளைகள் வீட்டில் முதலில் எதிர்ப்படும் தடையும் இதுவாகவே இருக்கும். வேர்வையில் உப்பு போவது உண்மை. ஆனால் வெயிலில் ஒன்றிரண்டு வாரம் உழைத்துப் பழகிய உடம்பு, வேர்வையிற் செல்லும் உப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. அன்றாட உணவில் சேரும் உப்பே அந்நஷ்டத்திற்குப் பெரும்பாலும் போதும். கத்திரி வெயிலில் வேலை செய்பவருக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். நிழலில் ஓய்வு வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டவருக்கு மட்டும் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைத் தடையின்றிக் கொடுக்கவேண்டும். அச்சமயத்தில் உப்பைக் குறைக்கும் பேச்சு ஆகாது.

கல்லுப்பு கெடுதி செய்யாது, இந்துப்பு குளிர்ச்சி என்ற எண்ணங்களுக்கும் இடமில்லை. நிறமும் மணமும் மாறினும் அவை பெரும்பாலும் ஒரே சோடிய உப்புத்தான். மேலும் அவற்றிற் பலவற்றில் அயோடின் இராது. அயோடின் சேர்த்த உப்பையே வாங்கி, அதையே குறைத்து உண்பது முறை.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பு ஒன்று உண்டு. சீனத்துக் கிராமங்கள் 600-ல், பாரிசவாயு கண்டவர்களும், அறுபது வயதும் இரத்தக் கொதிப்பும் உடையவர்களுமாக 20,995 பேரிடை இதைப் பரீட்சித்தார்கள். முக்காற் பங்கு சாதாரண உப்பும் காற்பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த மாற்று உப்பை உபயோகித்த கிராமங்களில் பாரிசவாயு 14 சதவிகிதம் குறைந்தது என 2021-ல் வெளியிட்டனர். எனினும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும் சில மருந்துகளை உண்பவர்களுக்கும் இது அபாயம் விளைக்கக் கூடும். டாக்டரைக் கேளாமல் இதைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. கீரையும் வாழையும் அவரையும் பூசணியும் பொட்டாசியம் நிறைந்தவை. சிறுநீரகம் செம்மையாயுள்ளவர்களுக்கு அவை தாராளமாக ஆகும். கிணற்றடியில் நான்கு பாத்தி முளைக்கீரை போடுவது பிள்ளைகளால் ஆகக்கூடிய காரியமே.

உப்பு குறைந்ததென்று மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. இது மிகப் பெரிய பிழை. 2021-ம் வருஷத்தில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் கீழ், வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தை அளக்கவும் மருந்து வழங்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வாறு அளந்து சொன்ன எண்களைப் பிள்ளை ஒரு நோட்டில், பொட்டலக் கணக்கின் பக்கத்திலேயே தேதியிட்டு எழுதி வரலாம். அழுத்தம் இறங்கியிருந்தால் மருந்தின் அளவை மாற்றுவது டாக்டரின் பொறுப்பு. அந்த நோட்டை அவரிடம் காட்டுவதற்குத் தாத்தாவை அழைத்துச் செல்வது வீட்டாரின் பொறுப்பு.